செட்டுக்கு அறுபத்து மூன்று சீட்டு

ஜூன் 3, திங்கள்

முதலில் அவமானத்தை எழுதிவிடுகிறேன். அப்புறம் மற்றதெல்லாம் எளிது. என் மேல்வரிசைப் பற்களில் நான்கு என்னுடையவை அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டூலின் ஒரு காலுக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு பல் போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், சண்டை எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? இப்போது வாயில் இருப்பது பல் செட். வளவில் எட்டு வீடு, ஒரே வாசல், ஒரே குழாய். அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பிக் காலம் தள்ளுகிறேன்.

என் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். செட் கொஞ்சம் தளர்ந்தால் 'ச' வருகிற இடமெல்லாம் விசில் வரும். பெயர் வைத்த அப்பா தீர்க்கதரிசி.

இதை இன்று எழுதக் காரணம் ஆபீஸில் எனக்கு விழுந்த சொல். பாளையங்கோட்டையில் ஒரு பதிப்பகத்தின் மாடியில், பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம் - தமிழ் அகராதி இரண்டு வருஷமாகத் தயாராகிறது. டீச்சர் வேலையை விட்டுவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஏற்ற இடம். எந்தத் தாள் கையில் வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்து, பிழை திருத்தாமல் விடமாட்டேன். குழாய்த் தண்ணீர் வராது என்று வளவில் ஒட்டிய நோட்டீஸைக்கூடத் திருத்தியிருக்கிறேன். தண்ணீர் வரவில்லை, ஆனால் வாக்கியம் சுத்தமாக இருந்தது.

இப்போது எங்களிடம் எஸ் எழுத்து; அதற்கடுத்த எழுத்துகளை வேறு ஆட்கள் வீட்டில் இருந்தே எழுதுகிறார்கள். மிச்சமிருந்த பெரிய சொற்களைத் தலைமை ஆசிரியர் தியோடர் சார் காகிதத்தில் எழுதிச் சுருட்டி, டம்ளரில் போட்டுக் குலுக்கினார். நான் எடுத்தது 'செட்'.

"ஆண்டவரே," என்றார் தியோடர் சார், எனக்காக.

"மூணெழுத்துத்தானே சார்."

"மூணெழுத்துத்தான். பெரிய அகராதியில அதுக்கு எத்தனை பக்கம்னு பாத்துட்டு வந்து பேசுங்க மேடம்."

பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

எதிர் மேஜையில் நெல்லைநாயகம் சார் தலை நிமிராமல் சிரித்தார். தபால் இலாகாவில் இருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர். வயது ஐம்பத்து நான்கு. மனைவி போய் ஒன்பது வருஷம். நான் எழுதுவதைச் சரிபார்க்கிற இரண்டாம் வாசகர் அவர்தான். ஜூன் முப்பதோடு இந்த வேலை முடிகிறது. அதற்கப்புறம் ஓசூரில் மகனோடு போய் இருக்கப்போகிறாராம். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிற ரோஸ்லின் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் நாலைந்து கேள்வி கேட்டபோது அவளாகவே சொன்னது.

எனக்கென்ன.

ஜூன் 4, செவ்வாய்

எங்கள் ஆபீஸ் முறையை எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது ஆராய்ச்சி பண்ணுவார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு. சீட்டின் மேலே பொருள். கீழே அது விளங்கும்படி ஒரு தமிழ் வாக்கியம். எழுதுகிறவருக்குச் சிவப்பு மை, இரண்டாம் வாசகருக்குப் பச்சை மை. அவர் 'சரி' என்று போட்டால்தான் சீட்டு ரோஸ்லினிடம் போகும். முக்கியமான விதி ஒன்று உண்டு. சீட்டைப் பற்றி வாய் திறந்து பேசக்கூடாது, எதுவானாலும் சீட்டிலேயே எழுத வேண்டும். சி எழுத்து நடந்தபோது முட்டைகோஸைப் பற்றி இரண்டு பெரியவர்கள் பேசப் போய், ஒருவர் வேலையையே விட்டுவிட்டார். அன்றிலிருந்து இப்படி. ஆகவே எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற நெல்லைநாயகம் சாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தட்டு. அதில் போடுவேன், அதிலிருந்து எடுப்பார்.

என் குறை ஒன்று, எனக்குக் கற்பனைப் பெயர் வராது. 'ராமன் புத்தகத்தை மேஜைமேல் வைத்தான்' என்று எழுதினால், எந்த ராமன், யார் வீட்டுப் பிள்ளை, படிக்கிற பிள்ளையாக இருந்தால் ஏன் கீழே வைத்தான் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதனால் தெரிந்தவர்களை எழுதிவிடுகிறேன். அச்சுக்குப் போகும் முன் பெயரை மாற்றிக்கொண்டால் போயிற்று.

சீட்டு 1. வைத்தல். 'பிரம்மசக்தி மதினி சாவியை வைத்த இடத்தை மறந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டார்.'

பக்கத்து வீட்டுக்காரி நான்.

ஜூன் 5, புதன்

சூரியன் மறைந்தால் செட். முறிந்த எலும்பைப் பொருத்தினால் செட். சாப்பாட்டு மேஜையைத் தயார் செய்தால், வைரத்தை மோதிரத்தில் பதித்தால், கேள்வித்தாள் தயாரித்தால், முடியைச் சுருட்டி விட்டால், நாயை ஏவிவிட்டால் எல்லாம் செட். இங்கிலீஷ்காரன் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்தியிருக்கிறான். நான் ஒரு வெண்டைக்காய்ப் பொரியலுக்கு நாலு பாத்திரம் எடுக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

முதல் கட்டுத் திரும்பி வந்தது. மதினியின் சாவிக்குப் பச்சையில் 'சரி'. நாய்க்குச் 'சரி'. அலாரம் வைத்தல் என்ற பொருளுக்கு நான் எழுதியது: 'நெல்லைநாயகம் காலை ஏழு மணிக்கு அலாரம் வைத்தார்.' வளவில் அலாரம் வைக்கிற ஆள் கிடையாது. மதினி ஒரு தடவை இருமினால் எட்டு வீடும் எழுந்துவிடும். எதிரே இருந்தவர் பெயர் கைக்கு வந்தது, எழுதினேன். அவ்வளவுதான்.

'ஏழு' என்பதைப் பச்சையில் அடித்து, மேலே 'ஐந்தரை' என்று எழுதியிருந்தார். கீழே 'சரி'.

ஐந்தரைக்கு எழுந்து அந்த மனிதர் என்ன செய்கிறார்? அகராதிக்குத் தேவைப்படலாம். சீட்டு 14, மேஜையைத் தயார் செய்தல்: 'நெல்லைநாயகம் விடிந்ததும் அடுப்படி மேஜையில் இரண்டு டம்ளரை எடுத்து வைத்தார்.'

நாலு மணிக்குத் திரும்பி வந்தது. 'இரண்டு' அடிக்கப்பட்டு 'ஒன்று'. சரி.

அந்த 'ஒன்று' மற்ற எழுத்துகளைவிடச் சின்னதாக இருந்தது. சாயங்காலம் வடை வாங்கியும் தின்னப் பிடிக்கவில்லை. எண்ணெய் சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

குழாயடியில் மதினி வழி மறித்தார்.

"என்ன மொழி, ஒரு வாரமா மாம்பழக் கலரு, கிளிப்பச்சைன்னு போயிட்டிருக்கே. ஆபீஸ்ல விசேஷமா?"

"வேலை ஜாஸ்தி மதினி."

"வேலை ஜாஸ்தின்னா சேலை நல்லா இருக்குமோ? நானுந்தான் நாள்பூரா வேலை பாக்கேன். ஒரே நைட்டிதான்."

"நீங்க எது உடுத்தாலும் நல்லாத்தான் இருக்கிய."

"ஏட்டி, பேச்ச மாத்தாத. பூ வேற முழம் கூடியிருக்கு."

எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய் வைத்த மகராசன் நன்றாக இருக்கட்டும். சீட்டு 22, எதிராகத் தூண்டிவிடுதல்: 'பிரம்மசக்தி மதினி தன் மருமகனுக்கு எதிராக மகளைத் தூண்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் முருங்கைக்கீரை உருவினார்.'

பச்சை மை: 'சரி. இன்னுமோர் எடுத்துக்காட்டு தேவை.'

ஜூன் 11, செவ்வாய்

தியோடர் சாரிடம் நியாயம் கேட்டேன். மைக் செட் இருக்கிறது, பம்பு செட் இருக்கிறது, செட் தோசை இருக்கிறது, 'அவனோட செட் சேராதே' என்று சொல்கிறோம். பல் செட்டும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதையெல்லாம் ஏன் சேர்க்கக்கூடாது?

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மேடம், நம்மது ஆங்கில அகராதி. நீங்க சொல்றதெல்லாம் தமிழ்."

பெரிய மனுஷன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், செட் லேசாக ஆடிற்று. அகராதியின் நன்மையை உத்தேசித்து மூடிக்கொண்டேன்.

'இன்னுமோர் எடுத்துக்காட்டு தேவை' இன்றைக்கு ஐந்து சீட்டில் வந்திருக்கிறது. கறாரான மனிதர். தபால் இலாகாவில் அப்படிப் பழக்குவார்கள் போல.

ஜூன் 13, வியாழன்

சாரல். குடை ஒன்று. பஸ் நிறுத்தம் வரை. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

குடை என்னுடையது என்பதை எழுத விட்டுவிட்டேன். அவர் குடை அவர் மேஜைக்கு அடியில் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

சீட்டு 47. ஒன்றின்மேல் மனம் வைத்தல். இதற்கு மதினி சரிப்பட மாட்டார், அவருக்கு வாரம் ஒன்றின்மேல் மனம். யோசித்துப் பார்த்துவிட்டு, 'நெல்லைநாயகம் ஒன்றின்மேல் மனத்தை வைத்துவிட்டால் மாற்றிக்கொள்ள மாட்டார்' என்று எழுதினேன். தட்டில் போட்டுவிட்டு உடனே பாத்ரூம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சீட்டு தட்டில் இல்லை. அவர் சட்டைப் பையில் ஒரு மூலை தெரிந்தது.

ஜூன் 18, செவ்வாய்

திரும்ப வந்தது. பச்சையில் முதலில் 'எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?' என்று எழுதி, அதை அவரே அடித்திருந்தார். கீழே 'சரி'.

மதியம் அவருக்கு ஓசூரில் இருந்து போன். மகன். மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். மாடிப்படிக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்ப் பானை என்பதால் நானும் போக வேண்டியதாயிற்று. ஜூலை ஒன்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டானாம்.

இன்று எழுதிய சீட்டுகள்: பின்னடைவு. தடை. தனியே ஒதுக்கி வைத்தல். முகம் இறுகுதல். நான்கையும் பார்த்துவிட்டு ரோஸ்லின், "மேடம், உடம்புக்கு முடியலையா?" என்றாள். செட் என்ற சொல்லே அப்படித்தான், நான் என்ன செய்ய.

இனி ஒன்றுதான் பாக்கி. புறப்படுதல். பயணம் கிளம்பினாலும் செட் ஆஃப் என்பார்கள். சுலபமான சீட்டு, ஒரு நிமிஷ வேலை. நாளைக்கு எழுதலாம்.

ஜூன் 19, புதன்

நாளைக்கு.

ஜூன் 20, வியாழன்

நாளைக்கு.

ஜூன் 24, திங்கள்

மோசம் போனேன். ஆபீஸுக்குள் நுழைந்ததும் ரோஸ்லின் சொல்கிறாள், எஸ் எழுத்து மொத்தமும் சனிக்கிழமையே சிவகாசி அச்சகத்துக்குப் போய்விட்டதாம். என் அறுபத்திரண்டு சீட்டும். ஒரு பெயரைக்கூட நான் மாற்றவில்லை.

என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்தேன். நாலாயிரம் பிரதி. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போகும். மதினியின் மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். எஸ்ஸைத் திறந்தால் அம்மா சாவி தேடுகிறார், அம்மா மருமகனுக்கு எதிராகத் தூண்டிவிடுகிறார், அம்மா கூழ்வற்றலைக் காயவைத்துவிட்டுக் காக்கையைத் திட்டுகிறார். அதற்கப்புறம் நான் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பது?

மதினியாவது பரவாயில்லை. அறுபத்திரண்டில் பத்தொன்பது வாக்கியம் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. பத்தொன்பதும் தற்செயல். ஆனால் வரிசையாக அடுக்கிப் படித்தால் அகராதி மாதிரி இல்லை.

ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், பதறாதீங்க. நான் எதை அடிக்கணுமோ அதை மட்டுந்தான் அடிச்சிருக்கேன்," என்று ஏதோ சொன்னாள். மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

தியோடர் சாரிடம் சொன்னால் மானம் போகும். வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதினேன்: 'பெயர்களை மாற்றவில்லை. சிவகாசிக்குப் போய்விட்டது. என்ன செய்வது?'

அவர் படித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பச்சையில் பதில் வந்தது: 'நேரில் போய்ப் பார்ப்பதே முறை. புதன் காலை 6.40. புதிய பேருந்து நிலையம். கோவில்பட்டி, சாத்தூர் வழி. சரியா?'

'சரி' என்று போட்டேன். சிவப்பு மையில் அந்தச் சொல்லை எழுதியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 25, செவ்வாய்

பல்வலி என்று நாளைக்கு லீவு கேட்டேன். தியோடர் சார் என் கடிதத்தையும், அதற்கு முன்னால் வந்திருந்த இன்னொரு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்த மாடியில பல்லுக்கு ஏதோ ஆகாது போலிருக்கு," என்றார்.

ஜூன் 26, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், மறந்துவிட்டால் கஷ்டம்.

ஆறு மணிக்கே போய்விட்டேன். அவர் அதற்கு முன்னாலேயே நின்றிருந்தார். ஐந்தரை அலாரம் என்பது உண்மைதான். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். சீட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்ற விதி பஸ் சீட்டுக்கு இல்லை என்றேன். சிரித்தார். பச்சை மை இல்லாமல் அவர் சிரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது இன்றுதான்.

கயத்தாறு வரை தபால் கதை. பெயர் மட்டும் எழுதி ஊர் எழுதாத கவர்களைத் தனியாக ஒரு பெட்டியில் போடுவார்களாம். ஓய்வுபெறுகிற நாளில் அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம்.

"ஓசூர்ல குளிரு ஜாஸ்தின்னு சொல்லுதாங்களே," என்றேன்.

"ஆமா. மகன் ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்கான்."

"நல்ல பிள்ளை."

"நல்ல பிள்ளைதான். மருமகளும் தங்கமான பொண்ணு. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு ரூம். நான் போயி இருந்தா அவங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அதான் யோசனையா இருக்கு," என்றார்.

கோவில்பட்டியில் பஸ் நின்றது. இறங்கிப் போய்க் கடலைமிட்டாய் வாங்கி வந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. கடித்தேன். மேல் செட் மொத்தமாகக் கழன்று கடலைமிட்டாயோடு போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு, நாக்கால் அதைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளுகிற பாட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காரமா மேடம்?"

"இல்ல ஷார்," என்றேன். விசில் கண்டக்டருக்குக் கேட்டிருக்கும். பஸ் கிளம்பிவிட்டது.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல், "கடிக்கக்கூடாது மேடம். கன்னத்துல ஒதுக்கி ஊறவச்சுத் தின்னணும். நான் ஆறு வருஷமா அப்படித்தான்," என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "மேலயா, கீழயா?"

"ரெண்டும்."

ஐம்பத்தொரு வருஷத்தில் எந்த ஆணும் இவ்வளவு அந்தரங்கமாக என்னிடம் பேசியதில்லை. சாத்தூர் வரை இரண்டு பேரும் கன்னத்தில் ஒதுக்கி ஊறவைத்தோம். பேச வாய் காலியாக இல்லை.

சிவகாசியில் அச்சகத்துக்கு எதிரே டீக்கடையில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். பத்து நிமிஷம். வாயைத் துடைத்துக்கொண்டு, கையில் ஒரு தினசரி காலண்டரோடு வெளியே வந்தார்.

"எல்லாம் சரியாயிட்டு," என்றார்.

எப்படி, யாரிடம் பேசினார், எதை மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் கேட்கிற ஆள் நான். கேட்கவில்லை.

"காலண்டர் எதுக்கு ஷார்? பாதி வருஷம் போயிட்டே."

"சும்மா குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல மனசில்ல."

திரும்பி வரும்போது அவர் ஜனவரி ஒன்றில் இருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்து என்னிடம் கொடுத்தார். நான் இரண்டு பேர் ராசிக்கும் பலன் படித்தேன். பிப்ரவரி முழுக்க அவருக்கு அலைச்சல். ஏப்ரலில் எனக்குப் பெரியோர் ஆசி. நடந்து முடிந்த நாளுக்கு ராசிபலன் படிப்பதுபோல் நிம்மதி வேறில்லை. கயத்தாறு தாண்டியதும் ஜூன் இருபத்தைந்தைக் கிழித்தார். இருபத்தாறு வந்தது. அவர் ராசிக்கு 'வரவு'. என் ராசிக்கு 'தாமதம்'.

இருபத்தேழை நான் எட்டிப் பார்க்கப் போனேன். காலண்டரை மூடிவிட்டார்.

ஜூன் 28, வெள்ளி

தியோடர் சார் கூப்பிட்டார். "மேடம், செட்ல புறப்படுதல் எங்க? எத்தனை தடவ பாத்தாலும் அறுபத்திரண்டுதான் வருது."

"விட்டுப்போச்சு சார்."

"அச்சகத்துக்குப் போன்ல சொல்லிக்கலாம். இப்பவே ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

தலைவலி என்றேன். பல்வலி, தலைவலி, ஒரே வாரத்தில் பாதி உடம்பு போயிற்று. தியோடர் சார் என்னைப் பார்த்தார், எதிர் மேஜையைப் பார்த்தார். "அப்ப நெல்லைநாயகம், நீங்க எழுதுங்க. மேடம் இரண்டாம் வாசகரா இருக்கட்டும். எழுதினவரே சரின்னு போட்டுக்க முடியாது."

எழுதுகிறவருக்குச் சிவப்பு, வாசிக்கிறவருக்குப் பச்சை. விதி விதிதான். தட்டுக்கு மேலே பேனாவை மாற்றிக்கொண்டோம். மாலை மாற்றுகிற மாதிரி இருக்கிறது என்றாள் ரோஸ்லின். அவளுக்கு வாய் அதிகம்.

அவர் எழுதித் தட்டில் போட்டார். சீட்டு 63. புறப்படுதல். 'நெல்லைநாயகம் ஜூலை ஒன்றாம் தேதி ஓசூருக்குப் புறப்பட்டார்.'

மூன்று தடவை படித்தேன். வாக்கியத்தில் பிழை இல்லை. கையெழுத்து நிதானமாக இருந்தது. ரோஸ்லினின் கம்ப்யூட்டர்கூடத் தட்டச்சை நிறுத்திவிட்டது.

ஆனால் இரண்டாம் வாசகரின் வேலை மொழியை மட்டும் பார்ப்பது இல்லையே. தகவலையும் பார்க்க வேண்டும். இந்த ஆபீஸில் ஒருவர் எனக்கு அதைத்தான் ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பச்சைப் பேனாவை எடுத்தேன். 'புறப்பட்டார்' என்பதை அடித்தேன். மேலே 'புறப்படவில்லை' என்று எழுதினேன். 'ப்' புள்ளி 'ட'வின் தலையில் போய் விழுந்தது. தட்டில் போட்டேன். பாத்ரூம் போகவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

அவர் எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். தியோடர் சார் இதுவரை நான் பார்த்திராத அக்கறையோடு சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீட்டு திரும்பி வந்தது. சிவப்பில் 'சரி'. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: 'சீட்டு 14-ஐத் திரும்ப எடுக்கவும். டம்ளர் ஒன்று என நான் திருத்தியது தவறு. எழுதியவர் எழுதிய இரண்டே இருக்கட்டும்.'

பேனாவை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பச்சை என்னிடமே இருக்கிறது. இதை அதில்தான் எழுதுகிறேன்.

ஜூலை 1, திங்கள்

ரயில் நேரத்துக்குப் போய்விட்டதாம். ஒரு இருக்கை காலியாக.

ஜூலை 3, புதன்

மதினியிடம் நானே சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். நான் குறைத்துத்தான் சொன்னேன்.

"அந்தத் தபால்காரரா? தெரியும். மாம்பழக் கலரு அன்னைக்கே தெரியும்," என்றார் மதினி. "அவருக்கும் பல் செட்டாமே. நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் கலந்திராம ஆளுக்கொரு டப்பா வச்சுக்கிடுங்க."

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். "ரெண்டு பேருக்குமா? எனக்கு இருக்குன்னு உங்களுக்கு எப்படி மதினி..."

"மூணு வருஷமாத் தெரியும். அன்னைக்கு எங்க வீட்டுச் சண்டையக் கேக்க ஸ்டூல் போட்டு ஏறுனேல்லா."

இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "சண்டை கடைசியில எப்படி மதினி முடிஞ்சுது?"

"எங்க முடிஞ்சுது? பாதியில சுவத்துக்கு அந்தப் பக்கம் டமார்னு ஒரு சத்தம். பயந்துபோயி ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டோம். பெறகு எதுக்குச் சண்டைன்னு மறந்துபோச்சு." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "ஆடி கழியட்டும். ஆவணியில வச்சுக்கிடலாம். மைக் செட்டு வேண்டாம், இந்த வயசுல."

நான்கு பல்லும் ஒரு குடும்பத்துக்காகப் போயின என்று இனித் தைரியமாகச் சொல்லலாம்.

ஜூலை 15, திங்கள்

அகராதி வந்துவிட்டது, அதைப் பார்க்கவும் ஆபீஸைக் காலி செய்யவும் எல்லோரும் வந்திருந்தோம். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நேராக எஸ்ஸுக்குப் போனேன். செட்டுக்கு அறுபத்து மூன்று பொருள். அத்தனையும் சுத்தம். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. செட்டுக்கு மட்டும் இல்லை, எஸ்ஸில் இருந்து கடைசி எழுத்து வரை எதற்கும் இல்லை.

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது காரணம் கிடைத்தது. தியோடர் சார் கைப்பட எழுதிய சுற்றறிக்கை, மே இருபத்தேழாம் தேதி போட்டது. பக்கம் போதவில்லை, எஸ் முதல் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் அச்சில் இடம்பெறா, இனிச் சீட்டில் பொருள் மட்டும் எழுதினால் போதும். படித்ததற்கு அடையாளமாகக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ரோஸ்லினின் கையெழுத்துக்கு அடுத்தது, பச்சை மையில், நெல்லைநாயகம்.

ஆக, இந்த மனிதருக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். தெரிந்துகொண்டே பத்தொன்பது வாக்கியத்தைத் திருத்தியிருக்கிறார். தெரிந்துகொண்டே 'இன்னுமோர் எடுத்துக்காட்டு தேவை' என்று எழுதியிருக்கிறார். ஒன்றுமே இல்லாத காரியத்துக்காக என்னைச் சிவகாசி வரை கூட்டிப்போயிருக்கிறார். தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் போட்டேன். விதியெல்லாம் முடிந்துவிட்டது, வாய் திறந்தே கேட்டேன்.

"அச்சகத்துக்குள்ள பத்து நிமிஷம் என்ன பண்ணினிய?"

"தண்ணி வாங்கிக் குடிச்சேன். காலண்டர் கேட்டேன்."

"ஒரு பொம்பளைய இப்படி ஏமாத்தலாமா?"

அவர் தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "மேடம், கொஞ்சம் கீழ பாருங்க," என்றார்.

பச்சைக் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து இருந்தது. அது என்னுடையது. சுற்றறிக்கையில் இருந்த இரண்டு ஒற்றுப்பிழையும் சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தன.